மெசாஞ் தெருவில் கடைசிக் குளம்

அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. வெளியே நான்கு டிகிரி. மதியம் ஒன்றரை மணிக்கு கெய்தான் நீச்சல் கால்சட்டையோடு சமையலறைக்குள் வந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, "யாரும் பாக்கல இல்ல?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்காக டர்னிப் சீவிக்கொண்டிருந்த அவன் மனைவி சொலாஞ் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்துவரும் தொப்பைதான். கால்சட்டை மட்டும் புதிது, அன்னாசிப் பழம் போட்டது.

"நான் பாத்துட்டேன். இனிமே என்ன பண்றது?"

"இவோன் பாத்தானான்னு கேட்டேன்." கெய்தான் பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"அவனுக்குத் தெரியணும்னுதானே ஒன்றரை மாசமா இந்தக் கோலத்துல நிக்கிற."

"அது நேத்து வரைக்கும்." கெய்தான் குரலைத் தாழ்த்தினான். வீட்டில் அவர்கள் இருவரையும், விருந்துக்கு வாங்கிவைத்த வான்கோழியையும் தவிர யாருமில்லை. "இன்னைக்கு ராத்திரி மைனஸ் ஆறாம். குளத்த மூடிடணும். ஆனா மூடினது அவனுக்குத் தெரியக் கூடாது."

ஜொலியெட் நகரத்தின் மற்ற தெருக்களில், மேப்பிள் இலை பழுக்க ஆரம்பித்ததும் மனிதர்கள் நீச்சல் குளத்தை மூடிவிட்டு மேற்கொண்டு வாழ்க்கையைப் பார்ப்பார்கள். மெசாஞ் தெருவில் அப்படியில்லை. இங்கே கடைசியாக மூடுபவன் வீட்டு வாசலை, முதல் பனி விழுந்த காலையில், குளம் வைத்திருக்கும் மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் மண்வாரியோடு வந்து சுத்தம் செய்துதர வேண்டும். இது எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஞாபகமில்லாததால் மாற்றவும் முடியவில்லை. வேலை என்னவோ பத்து நிமிஷம்தான். ஆனால் ஜெயித்தவன் அந்தப் பத்து நிமிஷமும் ஜன்னலோரம் காப்பிக் கோப்பையோடு நிற்பான். நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து, "இடது பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க" என்பான். மூன்று வருஷமாக அப்படிக் கதவைத் திறந்தவன் இவோன். மூன்று வருஷமாக இடது பக்கத்தில் குனிந்து நின்றவன் கெய்தான்.

விதி ஒன்றே ஒன்றுதான். மூடும் நாள் வரை தினமும் ஒருமுறை கழுத்தளவு தண்ணீரில் இறங்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் சாட்சி. கெய்தானுக்கும் இவோனுக்கும் நடுவே மூன்று மீட்டர் உயரத்துக்கு நெருக்கி நட்ட தேவதாரு மரங்கள் வேலியாக, சுவர்போல நின்றதால், கண்ணால் பார்க்க முடியாது. 'தொபுக்' என்ற சத்தமே சாட்சியம். மூடிய பிறகு அந்தச் சத்தத்தை ஒரு தொட்டித் தண்ணீரில் கல்லைப் போட்டும் எழுப்பலாம் என்பது கெய்தானின் திட்டம். செப்டம்பர் கடைசியில் பத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இப்போது களத்தில் இரண்டே தொப்பைகள்.

சொலாஞுக்கு இந்தப் போட்டியில் அக்கறையில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது.

கெய்தான் வீட்டுக் காப்பீடு விற்பவன். குழாயில் தண்ணீர் உறைந்தால் எப்படி வெடிக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் படம் போட்டு விளக்குவான். கேட்பவர்கள் பயந்து கையெழுத்துப் போடுவார்கள். அவன் வீட்டுக் குளத்தில் முந்தின வருஷக் குளிரில் ஃபில்டரின் தலை வெடித்தது. போன வருஷம் பம்ப் வெடித்தது. பம்பின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு திருகுகள் உண்டு. ஒன்றைக் கழற்றிய சந்தோஷத்தில் இரண்டாவதை மறந்துவிட்டான். மே மாதம் சொலாஞ் ஒரு தாளை நீட்டினாள். அதில் எழுதியிருந்தது: 'கெய்தானின் மறதியால் இன்னொரு சாமான் வெடித்தால், குளத்தில் மண் கொட்டித் தக்காளித் தோட்டம் போடப்படும்.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து, இவோனின் மனைவி மரியெத்.

தக்காளி ஆசை சொலாஞுக்குப் பதினோரு வருஷமாக உண்டு. அந்தப் பின்கட்டில் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான், அதில் தண்ணீர் நின்றது. மிச்சமெல்லாம் வேலி நிழல். போன கோடையில் வேலியோரம் தொட்டி வைத்துப் பார்த்தாள். மூன்று காய் காய்த்தது. அதில் ஒன்றை ஒரு அணில் பறித்து, ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, திருப்பித் தொட்டியிலேயே வைத்துவிட்டுப் போனது.

"நான் என்ன பண்ணணும்?" என்றாள் இப்போது.

"புல் வெட்டணும்."

"புதன்கிழமைதானே வெட்டின."

"வெட்டினதையே வெட்டு. பைப்புக்குள்ள காத்து ஊதணும். அந்த மெஷின் போடுற சத்தம் ஊருக்கே கேக்கும். புல்வெட்டி ஓடினா அதுல அமுங்கிடும்."

சொலாஞ் கத்தியை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். உதவும் எண்ணம் பெரிதாக இல்லை. வெளியே நின்றால் அவன் எதை மறக்கிறான் என்று பார்க்கலாம்.

ஆனால் அன்று கெய்தான் எதையும் மறக்கிறவனாகத் தெரியவில்லை. காலையில் இவோன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீரைப் பக்கச் சுவரில் உள்ள துவாரங்களுக்குக் கீழே வரும்வரை இறைத்துவிட்டிருந்தான். ஏணியைக் கழற்றிப் புல்லில் படுக்கவைத்திருந்தான். இப்போது பம்பின் முன்னால் முட்டிபோட்டு, முதல் திருகைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

"ஒண்ணு."

சொலாஞ் தலையாட்டினாள். இரண்டாவதையும் கழற்றினான்.

"ரெண்டு. நல்லா பாத்துக்கோ. அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது."

இரண்டையும் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு மூடினான். அப்போதுதான் வசந்தத்தில் தேடாமல் கிடைக்கும். பிறகு மூடியைத் திறந்து, இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தான். கைபேசியில் படம் எடுத்தான். எடுத்த படத்தைப் பெரிதாக்கி, படத்திலும் இரண்டு இருக்கின்றனவா என்று பார்த்தான்.

சொலாஞ் புல்வெட்டியைக் கிளப்பினாள். வெட்டுவதற்குப் புல் இல்லாத தரையில் அது மிகவும் சுலபமாக ஓடியது. சத்தத்தின் மறைவில் கெய்தான் பட்டறை வேக்குவத்தின் குழாயைப் பின்பக்கம் மாட்டி, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவைத்தான். முதல் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியது, பிறகு துப்பியது, கடைசியில் வெறும் காற்று குமிழியிட்டது. ரப்பர் அடைப்பானைச் செருகி முறுக்கினான். இரண்டாவது துவாரமும் அப்படியே. உறையாமல் காக்கும் ரோஸ் நிறத் திரவத்தைப் பைப்புக்குள் ஊற்றினான். மேல்தண்ணீர் போகும் வாயில், பனிக்கட்டி நெருக்கினால் நசுங்கிக்கொடுக்க ஒரு காலி சலவைத்திரவ பாட்டிலை இறக்கினான். பார்க்கப் பார்க்க சொலாஞுக்கு வயிறு எரிந்தது. இந்த மனிதன் பாடம் கற்றுக்கொண்டுவிட்டான். தக்காளி கைவிட்டுப் போகிறது.

திடீரென்று வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு புல்வெட்டி உறுமியது.

கெய்தான் காதைத் தீட்டினான். "பாத்தியா அவன் திமிர? இந்தக் குளிர்ல புல் வெட்டுறான். கோடைன்னு நெனப்பு."

சொலாஞ் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குப் போனாள். வேலி முடியும் இடத்தில், பக்கத்து வீட்டு முற்றத்தில், மரியெத் தலையில் முண்டாசும் கையில் புல்வெட்டியுமாக வந்துகொண்டிருந்தாள். இருவரும் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் ஊதும் சத்தம் வெளியே கேட்டுவிடும்.

"உன் வீட்லயும் புல் வளந்துடுச்சா?" என்று கத்தினாள் மரியெத்.

"ரொம்ப. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வளந்துடுச்சு."

"உன் ஆளு என்ன உடுப்புல நிக்கிறான்?"

"அன்னாசிப்பழம். உன் ஆளு?"

"தலைக்கு நீச்சல் தொப்பி வேற. கேட்டா, திடீர்னு கெய்தான் எட்டிப் பாத்தா நம்பும்படி இருக்கணுமாம்." மரியெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையில்லை. "அடியே, ரெண்டு பேரும் மூடுறாங்கன்னு அதுங்ககிட்ட சொல்லிடலாமா?"

"எதுக்கு? வருஷத்துல நமக்கு இருக்கிறது இந்த ஒரு நாடகம்தான்."

"அதுவும் சரி. நீ இன்னும் ரெண்டு சுத்து சுத்து. இவோனுக்கு இன்னொரு பைப் பாக்கி இருக்கு."

சொலாஞ் திரும்பி வந்தபோது கெய்தான் வேக்குவத்தை அணைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். "முடிஞ்சுது. ஒரு சாமான் விடல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பம்புக்குப் பக்கத்தில், நிறுத்திவைத்த பெரிய பயணப்பெட்டி போலிருந்த ஹீட்டரைக் கடந்துபோகும்போது அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "இவன்தான் ராஜா. இவன் இல்லன்னா நான் செப்டம்பர்லயே தோத்திருப்பேன்."

சொலாஞ் புல்வெட்டியை நிறுத்தினாள்.

ஹீட்டர்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில், ஆகாயத்துக்கு ஆவி போய்க்கொண்டிருந்த குளத்தைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. இலை உதிர்கிற காலத்தில் ஊர்க் காற்றை ஏன் சூடாக்க வேண்டும் என்று ஹீட்டரை அணைத்தாள். போதாததற்குப் பின்னால் உள்ள இரண்டு வால்வுகளையும் திருகி மூடினாள். தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் பக்கத்துப் பைப் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. சாயங்காலமே கெய்தான் கண்டுபிடித்துவிடுவான், கத்துவான், குளிர் தாங்காமல் மற்ற மனிதர்களைப்போல மூடுவான் என்று காத்திருந்தாள். சாயங்காலம் கெய்தான் 'தொபுக்'கென்று குதித்தான். உதடு கத்திரிப்பூ நிறத்தில் மேலே வந்தான். "ஆஹா, கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு. புது மாடல்யா இவோன், ஓடுறதே தெரியல, சத்தமே இல்ல" என்று வேலியைப் பார்த்துப் பேசினான். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாளும் கஞ்சித் தண்ணி என்றான். நான்காம் நாளுக்குப் பிறகு சொல்வது மரியாதையாகப் படவில்லை.

இப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருந்தன. கெய்தான் ஊதிய காற்றெல்லாம் பக்கத்துப் பைப் வழியாகப் போய் வெளியே வந்துவிட்டது. ஹீட்டரின் வயிற்றில் மூன்று வாரத்துத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. பின்பக்கம் அடியில் அதை வடிக்கும் திருகு ஒன்று உண்டு. கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. இந்த வீட்டில் கையேடு படிக்கிறவள் அவள் ஒருத்திதான். இன்று இரவு மைனஸ் ஆறு. காலையில் உள்ளே இருக்கும் செம்புச் சுருள் நெடுக விரிசல் விட்டிருக்கும்.

அவள் எதுவும் செய்ய வேண்டாம். உள்ளே போய் டர்னிப்பைச் சீவினால் போதும்.

உள்ளே போனாள். சீவினாள்.

மாட்டின் இதயம்போல் பெரிதாகக் காய்க்கும் அந்த ரோஸ் தக்காளி நான்கு வரிசை. சின்ன மஞ்சள் தக்காளி இரண்டு வரிசை. ஓரமாகத் துளசியைப் போலவே இருக்கும் அந்த இத்தாலிக்காரர்கள் இலை. ஆகஸ்டில் கதவைத் திறந்ததும் வாசனை வரும். தக்காளியில் உப்புத் தூவி, நின்றபடியே, தோட்டத்திலேயே தின்னலாம். யோசிக்க யோசிக்க டர்னிப் மெலிந்துகொண்டே வந்தது. தாளில் 'கெய்தானின் மறதியால்' என்று எழுதியிருந்தது. அவன் ஹீட்டரை வடிக்கவில்லை, அது மறதிதான். வால்வை மூடியது அவள், அது மறதியில்லை. ஆனால் வால்வு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அந்தத் திருகைக் கழற்றத்தானே வேண்டும்? வேண்டும். ஆகவே தப்பு அவனுடையது. வக்கீல் வைத்தாலும் இப்படித்தான் சொல்வார். வக்கீலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தபோதே, தன் கட்சி அவ்வளவு பலமில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வெளியே 'தொபுக்' என்று சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தாள். கெய்தான் அன்றைய சாட்சியத்துக்காகத் தண்ணீருக்குள் நின்றான். மட்டம் இறங்கியிருந்ததால் கழுத்தளவு வர முட்டி மடக்க வேண்டியிருந்தது.

"ஆஹா" என்றான் கெய்தான், வேலியைப் பார்த்து.

அந்தப் பக்கமும் 'தொபுக்'. "ஆஹா" என்றது இவோனின் குரல். கொஞ்சம் நடுங்கியது.

"எப்படி இருக்கு தண்ணி?" என்றான் கெய்தான்.

"கொதிக்குது. நான் வெளிய ஏறணும்னாலே மனசு வரல. உனக்கு?"

"நான் நவம்பர் வரைக்கும் எறங்கலாம்னு இருக்கேன்."

"நான் கிறிஸ்துமஸ்."

"கிறிஸ்துமஸ் மரத்த உள்ள வெச்சுக்கலாம்னு பாக்குறேன்."

"பல்லு என்ன டைப் அடிக்குது?" என்றது இவோனின் குரல்.

"பாட்டு பாடுறேன்யா. தாளம்."

சொலாஞ் கத்தியை வைத்துவிட்டாள். இந்தச் சிரிப்போடு இன்னும் சீவினால் விரல் போய்விடும். தக்காளி ஒரு நாளும் இப்படிப் பேசாது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அவள் வெளியே போயிருக்க மாட்டாள். பதினோரு வருஷ ஆசை அவ்வளவு லேசில் கரையாது.

கெய்தான் குளத்தைவிட்டு ஏறினான். ஏணி இல்லாததால், கரையில் வயிற்றைப் போட்டு, கடல்சிங்கம்போல் உருண்டு ஏறினான். உடம்பு முழுக்கச் சிவந்து ஆவி பறந்தது. நாற்காலியில் கிடந்த நீல நிறக் குளியல் அங்கியை எடுத்தான். அது அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கித்தந்தது. ஒரு கையை நுழைத்தவன் நின்றான். ஹீட்டரைப் பார்த்தான். அங்கியைக் கழற்றி, ஹீட்டரின் மேல் போர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, கழுத்துப் பட்டியை நிமிர்த்திவிட்டான். பிறகு அன்னாசிப் பழத்தோடு நின்று நடுங்கினான்.

சொலாஞ் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். போகிற வழியில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"ராத்திரி குளிரும்ல அவனுக்கு."

"கெய்தான், அதோட வயித்துல தண்ணி இருக்கு."

"இல்ல. இப்பதானே ஊதினேன். நீயே பாத்தியே, குமிழி வந்துச்சே."

"அது பக்கத்துப் பைப்புல போன காத்து. பின்னால ரெண்டு வால்வும் மூடியிருக்கு. நான்தான் மூடினேன். ஹீட்டரையும் அணைச்சேன்."

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

கெய்தான் குளத்தைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. அவன் கோபத்தைச் சேர்க்கிறான் என்று சொலாஞ் நினைத்தாள், பதிலுக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தாள். கெய்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

"அப்போ மூணு வாரமா நான் குதிச்ச தண்ணி எத்தன டிகிரி?"

"முதல்ல பதினஞ்சு இருந்திருக்கும். இப்ப ஒம்போது. நேத்து அளந்தேன்."

"ஒம்போது."

"ஆமா."

"ஹீட்டர் இல்லாம."

"இல்லாமதான். மன்னிச்சுடு. சொல்லணும்னுதான் இருந்தேன்."

கெய்தானின் முகம் மெல்ல மலர்ந்தது. கல்யாணத்தன்று அவள் சம்மதம் சொன்னபோதுகூட அது இவ்வளவு மலரவில்லை. அவன் வேலியை நோக்கித் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, மெசாஞ் தெருவின் பதினான்கு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"யோவ் இவோன். மூணு வாரமா என் ஹீட்டர் ஓடலயாம்யா. ஒம்போது டிகிரி. வெறும் உடம்பு. சொலாஞ் சாட்சி."

வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெட்டி நின்றது. வேலியோடு காதை ஒட்டி நின்ற யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

"அது இருக்கட்டும்" என்றது இவோனின் குரல், மிகவும் பணிவாக. "சொலாஞ், அந்த வயித்துல தண்ணி நிக்கிறதுன்னு சொன்னியே. அத எப்படி வடிக்கிறது?"

"பின்பக்கம் அடியில ஒரு திருகு இருக்கு."

"உனக்கு எதுக்குய்யா திருகு?" என்றான் கெய்தான். "நீதான் கிறிஸ்துமஸ் வரைக்கும் மூட மாட்டியே."

பிறகு மரியெத்தின் குரல் இவோனிடம், "சொல்லித் தொலையேன். எனக்குக் கை மரத்துப்போச்சு. வெட்டுறதுக்கு மண்ணுகூட மிச்சமில்ல" என்றது.

தேவதாரு வேலி ஆட ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தால் நாற்பது அடி. இவோன் முப்பது வருஷம் தீயணைப்புப் படையில் இருந்தவன், நேர்வழிதான் தெரியும். முதலில் ஒரு கை வந்தது. பிறகு சிவப்பு நீச்சல் தொப்பி போட்ட தலை வந்தது. தொப்பை மட்டும் சிக்கி நின்றது. கெய்தான் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு மரங்கள் 'மடக்' என்று அடியோடு சாய, இவோன் அவற்றின்மேலேயே இந்தப் பக்கம் வந்து விழுந்தான்.

எழுந்தவன் முதலில் பார்த்தது கெய்தானின் குளத்தை. துவாரங்களில் ரப்பர் அடைப்பான். மட்டம் இறங்கிய தண்ணீர். புல்லில் படுத்திருக்கும் ஏணி. கெய்தான் பார்த்தது, வேலியில் விழுந்த ஓட்டை வழியாக, இவோனின் குளத்தை. அதே அடைப்பான். அதே மட்டம். அங்கே ஏணி சுவரில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவோன் மாதாகோயில் பலிபீடத்தின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தான். கெய்தான் நற்கருணைக் கிண்ணத்தால் பதில் சொன்னான். அந்த ஊரில் கெட்ட வார்த்தைகளாகப் புழங்கும் கோயில் சாமான்களின் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் இறக்கி முடித்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்னாசிப் பழம், சிவப்புத் தொப்பி. இவோன்தான் முதலில் சிரித்தான். பிறகு இருவரும் உட்கார இடமில்லாமல் விழுந்த தேவதாருவின்மேல் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"தாளம்னு சொன்னியே" என்றான் இவோன்.

"நீ பாட்டே கேக்கலியே."

ஹீட்டரின் திருகு, இந்த வசந்தத்தில் வாங்கியதிலிருந்து யாரும் தொடாததால் இறுகிக் கிடந்தது. கெய்தானின் ஸ்பேனர் வழுக்கியது. இவோன் ஓட்டை வழியாகப் போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தான். அதுவும் பெரிதாக இருந்தது, மறுபடி போய்ச் சின்னதைக் கொண்டுவந்தான். சொலாஞ் குனிந்து வால்வுகளைத் திறந்துவிட்டு, "இடது பக்கம் திருப்பு, இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருகு கழன்றது. ஹீட்டர் தன் வயிற்றிலிருந்த அத்தனையையும், ஒரு வாளிக்குக் குறையாமல், அவள் செருப்பில் ஊற்றியது. கெய்தான் இன்னும் ஊதி, கடைசித் துளியையும் எடுத்தான். அவன் அந்தத் திருகையும் கூடைக்குள் போட்டு மூன்றையும் படம் எடுத்ததை யாரும் கேலி செய்யவில்லை.

அடுத்து இவோன் வீடு. அங்கே ஹீட்டரில் மட்டுமல்ல, ஃபில்டரிலும் தண்ணீர் நின்றது. வேக்குவம், அதன் குழாய், மின்கம்பி, ரோஸ் திரவ கேன் எல்லாம் ஓட்டை வழியாகவே அந்தப் பக்கம் போயின. மரியெத் ஒரு பாட்டில் ஆப்பிள் மதுவும் நான்கு கோப்பையுமாக அதே வழியில் இந்தப் பக்கம் வந்தாள். குளத்துக்கு மேல் மூடாக்கு விரிக்க ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரண்டு குளம் மூடினால் வாசலை யார் சுத்தம் செய்வது என்ற பிரச்சினை வந்தது. மரியெத் அதைத் தீர்த்துவைத்தாள்.

"யார் கடைசியா மூடினதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. கடைசியா புல் வெட்டினது நானும் இவளும். அதனால மொதப் பனிக்கு ரெண்டு வாசலையும் நீங்க ரெண்டு பேரும் சுத்தம் பண்றீங்க. நாங்க ஜன்னல்ல நிக்கிறோம்."

"காப்பியோட" என்றாள் சொலாஞ்.

"எடது பக்கத்த நான் எடுத்துக்கிறேன்" என்றான் கெய்தான். "எனக்குப் பழக்கம் இருக்கு."

ஆண்கள் இருவரும் இவோனின் ஃபில்டரைப் பார்க்க அந்தப் பக்கம் போனார்கள். மரியெத் அவர்களுக்குப் போர்வை எடுக்கப் போனாள். சொலாஞ் ஈரச் செருப்போடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றாள். தக்காளி போயிற்று. இந்த வருஷம் எதுவும் வெடிக்காது. மூன்று திருகுக்கும் புகைப்படச் சாட்சி இருக்கிறது. அவளே போய்ச் சொன்ன பிறகு யாரைக் குறை சொல்வது? ஆப்பிள் மது ருசியாக இருந்ததில் கொஞ்சம் ஆறுதல்.

அப்போதுதான் பாதம் வெதுவெதுப்பாக இருப்பதை உணர்ந்தாள். ஹீட்டர் மூன்று வாரமாக அணைந்திருந்ததால் அது ஹீட்டர் வேலையில்லை. குனிந்து பார்த்தாள். நாலு மணி வெயில், மேற்கிலிருந்து, இரண்டு தேவதாரு நின்ற இடத்தின் வழியாக, நேரே அவள் காலடிவரை வந்து படுத்திருந்தது. பதினோரு வருஷத்தில் அந்தப் புல் வெயிலைப் பார்த்ததில்லை. பார்த்ததும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் விழித்தது.

சொலாஞ் கோப்பையை ஹீட்டரின் தலையில் வைத்துவிட்டு, குதிகாலும் நுனிவிரலும் ஒட்டும்படி அடி அளந்தாள். அகலம் நான்கரை அடி. நெருக்கி நட்டால் ஆறு செடி.

"இவோன்" என்று கூப்பிட்டாள்.

"என்ன?"

"உன் வீட்டு ஏணியக் கொஞ்சம் இங்க எடுத்துட்டு வாயேன்."

"ஏணியா? இப்பவா? எதுக்கு?"

"வேணும்."

ஏணி வந்தது. முன்பக்கத்தை இவோனும் பின்பக்கத்தை கெய்தானும் பிடித்திருந்தார்கள்.

"அப்படி நேரா கொண்டு வராதீங்க, ஃபில்டர் பைப்புல இடிக்கும்" என்றாள் சொலாஞ். "குறுக்கா பிடிங்க. நல்லா அகலமா. இடிச்சா பரவால்ல, வேலிதானே."

மூன்றாவது தேவதாரு சாய்ந்தது. நான்காவது யோசித்துக்கொண்டு நின்றது. ஒன்பது செடி.

"இப்ப இத எங்க வைக்கிறது?" என்றான் கெய்தான், மூச்சிரைக்க.

சொலாஞ் ஏணியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இது வேணாம்" என்றாள். "இதே மாதிரி குறுக்கா பிடிச்சு, திருப்பிக் கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க."